வெளியே வைத்த பூட் டிரைவ்: வேலூர் ஆல்பம் கடை ஒன்றின் கேசிங் தேர்வு

பின்னணி

வேலூர் தோட்டப்பாளையத்தில் ஓர் ஆல்பம் கடை. முன்பக்கம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கும் பிரேம் போடுவதற்கும் ஆட்கள் வருவார்கள். பின்பக்கச் சின்ன அறையில் கல்யாண ஆல்பம் வடிவமைப்பு நடக்கும். கடைக்கு வாடகை கட்டுவது பின்பக்க அறைதான். குடியாத்தம், அணைக்கட்டு, ஒடுகத்தூர் வரைக்கும் போய் முகூர்த்தம் எடுத்து வருவார்கள். உரிமையாளர் ஃபிலிம் ரோல் காலத்து ஆள். வடிவமைப்பு முழுக்க ஓர் இளைஞர் பொறுப்பு. இந்தக் குறிப்பில் அவரை வடிவமைப்பாளர் என்றே சொல்கிறேன். நான் இதே ஊரில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன்.

அந்த அறையில் இருந்தது 2017 மாடல் ஐமேக், 21.5 அங்குலத் திரை, 8 ஜிபி ராம். உள்ளே 1 டிபி ஹார்ட் டிஸ்க், நிமிடத்துக்கு 5400 சுற்று ஓடுவது. மேக்ஓஎஸ் வென்ச்சுரா போட்டிருந்தார்கள். அந்த மாடல் அதற்கு மேல் ஏறாது. கூப்பிட்ட நேரம் பங்குனி கடைசி. சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கு முன்பணம் வாங்கியாகிவிட்டது. "பத்து மணிக்குக் கடையத் தொறந்தா பத்தரைக்குத்தான் தம்பி போட்டோஷாப் தொறக்குது" என்றார் உரிமையாளர். கொஞ்சம் மிகைதான். ஆனால் வடிவமைப்பாளர் பட்டனைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவது வழக்கமாகியிருந்தது உண்மை.

முதலில் கவனித்தவை

சிஸ்டம் பார்க்கச் சுத்தமாக இருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் மட்டும் ஆப்பிள் சின்னத்தின் மேல் காய்ந்து ஒட்டியிருந்தது. டிஸ்க் யூட்டிலிட்டியில் டிஸ்க்கின் நிலை நல்லபடியாகவே காட்டியது. பெரிய ஃபைல் ஒன்றை எழுதிப் படித்துப் பார்த்தால் நொடிக்கு 100 எம்பி அளவில் வந்தது. அந்த வகை டிஸ்க்குக்கு அது சரியான வேகம். டிஸ்க் கெடவில்லை. அதன் சக்திக்கு மீறிய வேலை அதன் தலையில் விழுந்துகொண்டிருந்தது.

நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட் ஆகும். கேட்ட தகவல், படிக்கும் முனையான ஹெட்டுக்குக் கீழே வந்து சேர சராசரியாக அதில் பாதி நேரம் வேண்டும். அதற்கு முன் ஹெட் அந்தத் தடத்துக்கு நகர வேண்டும், அதற்குப் பத்து மில்லிசெகண்டுக்கு மேல். ஆக, அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளைக் கேட்டால் நொடிக்கு அறுபது, எழுபது துண்டுதான் எடுத்துத் தர முடியும். பூட் ஆவதும் போட்டோஷாப் திறப்பதும் பெரும்பாலும் இப்படிச் சின்னத் துண்டுகளைத் தேடும் வேலை. போதாததற்கு 8 ஜிபி ராம். ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு ஓர் ஆல்பத்தின் நான்கைந்து பக்கங்களைத் திறக்கச் சொன்னேன். ராம் நிரம்பி, மீதி ஸ்வாப்பாக டிஸ்க்குக்குப் போய்க்கொண்டிருந்தது. அதாவது ராம் செய்ய வேண்டிய வேலையையும் அந்த 5400 டிஸ்க் செய்தது.

இதற்கு நேரான வைத்தியம் உள்ளேயே எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) போட்டு ராமையும் கூட்டுவது. ஆனால் இந்த மாடலில் டிஸ்க்குக்கும் ராமுக்கும் தனி மூடி கிடையாது. முன்பக்கக் கண்ணாடி ஓரம் முழுக்கப் பசைப் பட்டையால் ஒட்டியிருக்கும். அதை அறுத்துத் திரையை எடுத்தால்தான் உள்ளே கை போகும். செய்யக்கூடிய வேலைதான். திரை கீறினால், வயர் அறுந்தால், மாற்றுத் திரை வேலூரில் உடனே கிடைக்காது. உரிமையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "சீசன் முடியற வரைக்கும் கண்ணாடில கை வெக்க வேணாம் தம்பி." நியாயமான பேச்சு. எஸ்எஸ்டியை வெளியே ஒரு கேசிங்கில், அதாவது டிரைவை உள்ளே வைத்துக் கேபிளில் மாட்டும் டப்பாவில், வைத்து அதிலிருந்தே பூட் செய்வது (சிஸ்டத்தைத் தொடங்குவது) என்று முடிவானது. 2017 ஐமேக்கில் டி2 பாதுகாப்பு சிப் இல்லை. அதனால் வெளி டிரைவிலிருந்து பூட் செய்யத் தனி அனுமதி எதுவும் மாற்ற வேண்டியதில்லை.

முதல் கேசிங்

எஸ்எஸ்டியையும் கேசிங்கையும் உரிமையாளரே வாங்கி வைத்திருந்தார். எஸ்எஸ்டி 500 ஜிபி, 2.5 அங்குல சாட்டா வகை (ஹார்ட் டிஸ்க்குகளுக்கும் பயன்படும் பழைய இணைப்பு முறை), தரமானது. கேசிங் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் டப்பா. மூடியைத் தள்ளினால் திறக்கும், ஸ்க்ரூ கிடையாது. அகலமான தட்டை முனை கொண்ட மைக்ரோ-பி கேபிள், மறுமுனை சாதாரண யூஎஸ்பி-ஏ.

டிரைவில் வென்ச்சுராவைப் புதிதாக நிறுவி, பழைய டிஸ்க்கிலிருந்த கணக்கையும் செட்டிங்கையும் மைக்ரேஷன் அசிஸ்டன்ட் வழியாகக் கொண்டுவந்தோம். அப்படியே நகல் எடுத்துப் போடலாமே என்று வடிவமைப்பாளர் கேட்டார். பிக் சர் பதிப்பிலிருந்து சிஸ்டம் பகுதி முத்திரையிட்டுப் பூட்டி வருகிறது. வெறும் நகல் பூட் ஆகும் என்று நம்பி இறங்க முடியாது. புதிதாக நிறுவிவிட்டுத் தகவலை நகர்த்துவதே நிம்மதி. உள்ளே இருந்த பழைய சிஸ்டத்தை அழிக்கலாமா என்று கேட்டேன். சீசன் நேரம், எதற்கும் ஒரு மாற்று இருக்கட்டும் என்றார் உரிமையாளர். அப்படியே விட்டோம். இந்த முடிவின் விளைவு பின்னால் வருகிறது.

முதல் நாள் எல்லோருக்கும் சந்தோஷம். பூட் ஆகும் நேரம் டீக்குப் போதவில்லை. அளந்தபோது நொடிக்கு 400 எம்பியை ஒட்டி வந்தது. யூஎஸ்பி 5 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 5 ஜிகாபிட்; எட்டு பிட் ஒரு பைட்) போர்ட்டில் குறியீட்டுக்கே ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். காகிதக் கணக்கில் 500, கையில் கிடைப்பது 400 சொச்சம். எனவே வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அப்புறம் ஹேங் ஆக ஆரம்பித்தது. மதியச் சாப்பாடு முடிந்து வந்து மவுஸை ஆட்டினால் திரை வரும், கர்சர் நகரும், எதைத் தட்டினாலும் வண்ணப் பந்து சுற்றும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துத்தான் மீட்க வேண்டும். சில நாள் வேலை நடுவிலேயே வரும், அதுவும் மேசையைத் துடைக்கும்போது, இல்லை பக்கத்தில் பிரிண்டர் டிரேயை இழுத்துத் தள்ளும்போது.

காரணம் தேடியது

சிஸ்டம் தன் நிகழ்வுகளை எழுதி வைக்கும் லாக்கைத் திறந்து பார்த்தால் ஹேங் ஆன நேரத்தைச் சுற்றி ஒன்றுமே இல்லை. ஒரு புரோகிராம் சிக்கிக்கொண்டால் அதைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கும். இங்கே எழுத வேண்டிய இடமே காணாமல் போயிருக்கிறது. லாக் எழுதப்படுவது பூட் டிரைவில்தானே. அந்த வெற்றிடத்தைப் பார்த்ததும் போட்டோஷாப், வைரஸ், மேக்ஓஎஸ் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு டிரைவ், கேசிங், கேபிள், போர்ட் நான்கையும் தனித்தனியே பார்த்தேன்.

எஸ்எஸ்டியை வெளியே எடுத்து எங்கள் கடையிலிருந்த விண்டோஸ் டெஸ்க்டாப்பில் நேரடியாக சாட்டா கேபிளில் மாட்டினேன். முழுதாகப் படித்துப் பார்த்ததில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் டிரைவ் தன் ஆரோக்கியத்தைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 199ஆம் எண், அதாவது சாட்டா இணைப்பில் தகவல் சிதைந்து வந்த தடவைகளின் கணக்கு, ஏறியிருந்தது. புதிய எஸ்எஸ்டியில் அது பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நேரடி கேபிளில் எவ்வளவு ஓட்டியும் அதற்கு மேல் அது ஏறவில்லை. ஆக, கோளாறு எஸ்எஸ்டிக்கும் கேசிங் போர்டுக்கும் நடுவில்.

கேசிங்கைத் திறந்து பார்த்ததும் புரிந்தது. டப்பா 9.5 மில்லிமீட்டர் தடிமன் உள்ள லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குக்குச் செய்தது. எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர். மீதி இடைவெளியை அடைக்க ஒரு கறுப்பு ஸ்பாஞ்சுத் துண்டு கூடவே வந்திருக்கும். அது பேக்கிங்கோடு குப்பைக்குப் போயிருக்கிறது. எஸ்எஸ்டி உள்ளே லேசாக ஆடியது. அதன் முழுக் கனமும் சாட்டா முனையில் தொங்கியது. மேசையைத் துடைத்தால் ஹேங் ஆனதற்குக் காரணம் அதுதான்.

மதியச் சாப்பாட்டு ஹேங் வேறு கதை. அதே கேசிங்கில் எங்கள் பழைய எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, ஸ்பாஞ்சும் வைத்து, விண்டோஸ் லேப்டாப்பில் சும்மா மாட்டி வைத்தேன். கொஞ்ச நேரம் யாரும் தொடாமல் இருந்தால் கேசிங் தானாகத் தூங்கிவிடுகிறது. மின்சாரம் மிச்சப்படுத்த அதன் ஃபர்ம்வேரிலேயே (சிப்புக்குள் பதிந்த புரோகிராம்) இப்படி எழுதியிருப்பார்கள். பேக்கப்புக்கு வைக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கு நல்லதும்கூட. எழுப்பும்போது சில சமயம் இணைப்பு அறுந்து, புதிதாகச் சொருகியது போல் மறுபடி வருகிறது. பென் டிரைவ் அப்படி அறுந்து வந்தால் "சரியாக எஜெக்ட் செய்யவில்லை" என்று ஓர் அறிவிப்போடு போய்விடும். பூட் டிரைவ் அரை நொடி காணாமல் போனால் மொத்தச் சிஸ்டமும் நின்றுவிடும். திரும்பி வந்தாலும் பயனில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. அந்தக் கேசிங்கில் சாட்டாவை யூஎஸ்பிக்கு மாற்றும் பிரிட்ஜ் சிப், யூஏஎஸ் என்ற புதிய முறையில் பேசவில்லை. பழைய முறையில்தான் ஓடியது. பழைய முறையில் ஒரு கட்டளை முடிந்த பிறகே அடுத்த கட்டளை போகும். யூஏஎஸ் முறையில் பல கட்டளைகளை வரிசையில் அனுப்பிவிடலாம், டிரைவ் தன் வசதிப்படி முடித்துத் தரும். பெரிய ஃபைலை நகலெடுக்கும்போது இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. பூட் டிரைவில், அதுவும் ஸ்வாப் ஓடிக்கொண்டிருக்கும்போது, நன்றாகவே தெரியும்.

என்ன வாங்கலாம் என்று யோசித்தது

இந்த இடத்தில்தான் அதிக நேரம் போனது. மூன்று வழி இருந்தது.

ஒன்று தண்டர்போல்ட் 3 (யூஎஸ்பியை விட வேகமான இணைப்பு) கேசிங்கும் என்விஎம்இ (சாட்டாவை விட வேகமான வகை) எஸ்எஸ்டியும். 2017 ஐமேக்கின் பின்பக்கம் இரண்டு தண்டர்போல்ட் 3 போர்ட் உண்டு. இந்த வகையில் நடுவில் யூஎஸ்பி மொழிபெயர்ப்பு கிடையாது. எஸ்எஸ்டியை உள்ளே மாட்டியது போலவே மேக் பார்க்கும். நொடிக்கு 2000 எம்பியைத் தாண்டும். ட்ரிம் (அழித்த ஃபைலின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது) வேலை செய்யும், டிரைவின் ஆரோக்கியத்தையும் பார்க்க முடியும். யூஎஸ்பி வழியாக மாட்டினால் சாட்டா எஸ்எஸ்டிக்கு மேக்ஓஎஸ் ட்ரிம் செய்யாது. தொழில்நுட்பமாக இதுவே முதலிடம், சந்தேகமில்லை. ஆனால் கேசிங் மட்டுமே, உள்ளே ஒன்றும் இல்லாமலே, சாட்டா கேசிங்கைப் போலப் பல மடங்கு விலை. மேலே என்விஎம்இ தனியாக வாங்க வேண்டும். இன்னும் ஓரிரு வருடத்தில் மாற்றப்போகிற ஐமேக்குக்கு இது தேவையா என்று உரிமையாளர் கேட்டார். நானும் தேவையில்லை என்றே சொன்னேன்.

இரண்டாவது, யூஎஸ்பி-சி 10 ஜிபிபிஎஸ் கேசிங்கில் என்விஎம்இ. இப்போது கடைகளில் பெரும்பாலும் இதைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஏஎஸ்மீடியா 2362, ரியல்டெக் 9210பி போன்ற சிப்கள் வரும். நொடிக்கு 900 எம்பிக்கு மேல் கிடைக்கும். எங்கள் கடையில் ஒன்று இருந்ததால் கொண்டுபோய் மாட்டிப் பார்த்தோம். பெரிய ஃபைல் நகலெடுப்பதில் எண்ணிக்கை பிரமாதம். பூட் ஆகும் நேரத்திலும் போட்டோஷாப் திறப்பதிலும் சாட்டாவை விட அதிகம் என்று சொல்லும்படி ஒன்றும் தெரியவில்லை. சின்னத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்கும்போது யூஎஸ்பி வழியில் ஏற்படும் தாமதமே பெரிது. அது இரண்டுக்கும் பொது.

சூடு இன்னொரு விஷயம். கல்யாண மெமரி கார்டு ஒன்றை முழுக்க இறக்கிவிட்டு உடனே ஆல்பம் வேலையைத் தொடங்கினால் அந்த அலுமினியக் கேசிங்கில் கை வைத்துப் பிடித்திருக்க முடியவில்லை. உலோகம் சுடுவது கெட்டதில்லை; உள்ளே இருக்கும் சூடு வெளியே வருகிறது என்று அர்த்தம். ஆனால் அன்று பங்குனி வெயில்தான். கத்திரி இன்னும் வரவில்லை. மே மாதம் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே இல்லை. பின்பக்க அறையின் ஏசி இன்வெர்ட்டரில் ஓடாது. கரண்ட் போன மதியம் ஒன்றில் கேசிங் எந்த நிலைக்குப் போகும் என்று யோசிக்க வேண்டியிருந்தது. என்விஎம்இ சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அது பரவாயில்லை. கூடவே பிரிட்ஜ் சிப்பும் சூடாகித் தடுமாறினால் பூட் டிரைவ் அறுந்துவிடும். விலை குறைந்த என்விஎம்இகளில் பல, எந்தத் தகவல் எங்கே என்ற கணக்கை வைக்கும் டிராம் நினைவகம் தனியாக இல்லாமல் கம்ப்யூட்டரின் ராமில் கொஞ்சம் கடன் வாங்கி ஓடுபவை. யூஎஸ்பி பிரிட்ஜுக்குப் பின்னால் அந்தக் கடன் கிடைக்காது. டிராம் உள்ளது வாங்கினால் விலையும் கூடும், பெரும்பாலும் சூடும் கூடும்.

20 ஜிபிபிஎஸ் என்று பெட்டியில் அச்சிட்ட கேசிங்கை வடிவமைப்பாளர் போனில் காட்டினார். அந்த 20 ஜிபிபிஎஸ் முறையை இந்த ஐமேக் ஏற்காது, 10க்கு இறங்கிவிடும். கூடுதல் காசு வீண் என்று சொல்லிவிட்டேன். பெட்டி மேல் இருக்கும் யூஎஸ்பி பெயர்களை நம்பிக் குழம்ப வேண்டாம். 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 மூன்றும் ஒரே 5 ஜிபிபிஎஸ். வேகத்தை எண்ணில் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதே வழி.

மூன்றாவது வழி, கையில் இருக்கும் சாட்டா எஸ்எஸ்டியையே நல்ல கேசிங்குக்கு மாற்றுவது. சாட்டாவுக்கு உச்சம் 550 எம்பிதான். ஆனால் அது எழுதும்போதே இரண்டு மூன்று வாட் அளவில் நின்றுவிடும், என்விஎம்இ போலக் கொதிக்காது. ஏற்கனவே காசு கொடுத்து வாங்கியது. டிராம் உள்ளது.

முடிவும் அதன் காரணமும்

மூன்றாவதையே எடுத்தோம். பெட்டி மேல் இருக்கும் எண்ணில் மிகக் குறைவானது இதுதான். வேகத்தில் தோற்றால் வடிவமைப்பாளர் சில நொடி காத்திருப்பார். இணைப்பு அறுந்தால் சேமிக்காத பக்கம் போய்விடும், அதுவும் ஃபைல் சேமிக்கும் நடுவில் அறுந்தால் முழு ஆல்பமே திறக்காமல் போகலாம். இந்தக் கடைக்கு எது அதிக நஷ்டம் என்று பார்த்தால் கேள்வியே இல்லை.

கேசிங்கில் என்னென்ன பார்த்தோம் என்று சொல்கிறேன். அலுமினிய உடம்பு, நான்கு ஸ்க்ரூ. எஸ்எஸ்டியை உள்ளேயும் ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும், ஸ்பாஞ்சை நம்பக்கூடாது. கேசிங் பக்கம் யூஎஸ்பி-சி முனை. சாட்டாவை 10 ஜிபிபிஎஸ் யூஎஸ்பிக்கு மாற்றும் சிப், நாங்கள் எடுத்ததில் ஏஎஸ்மீடியா 235சிஎம். சாட்டாவுக்கு 10 ஜிபிபிஎஸ் எதற்கு என்று கேட்கலாம். 5 ஜிபிபிஎஸ் வழியில் 400 சொச்சத்தில் நிற்பது இதில் 500ஐத் தாண்டும் என்பது ஒன்று. இந்த வகைச் சிப் யூஏஎஸ் பேசும் என்பதே எனக்கு முக்கியம். ஒரே மாடல் பெயரில் உள்ளே சிப் மாறி வருவதும் உண்டு. அதனால் பெட்டியை நம்பாமல் மாட்டிய பிறகு சிஸ்டம் ரிப்போர்ட்டில் தயாரிப்பாளர் எண்ணைப் பார்த்துக்கொண்டோம்: 174சி என்று வந்தால் ஏஎஸ்மீடியா, 152டி என்றால் ஜேமைக்ரான். மாட்டி வைத்துத் தொடாமல் விட்டு, தானாகத் தூங்கி அறுகிறதா என்று முதலில் எங்கள் கடையிலேயே ஓர் இரவு முழுக்கப் பார்த்த பிறகே ஆல்பம் கடைக்குக் கொண்டுபோனேன்.

ட்ரிம் கிடையாது என்பதற்கு ஒரு சின்ன ஏற்பாடு செய்தோம். 500 ஜிபியில் சுமார் 60 ஜிபியைப் பார்ட்டிஷனே செய்யாமல் காலியாக விட்டோம். இதற்காக டிரைவை முதலில் விண்டோஸ் சிஸ்டத்தில் முழுமையாக அழித்து எடுத்துக்கொண்டோம். ஏற்கனவே எழுதிய இடத்தை வெறுமனே பார்ட்டிஷனிலிருந்து நீக்கினால் எஸ்எஸ்டிக்கு அது காலி என்று தெரியாது. இப்படித் தொடாமல் விட்ட இடத்தை எஸ்எஸ்டி தன் உள்வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளும்.

மாட்டும் இடமும் யோசித்தே முடிவு செய்தோம். போர்ட், தண்டர்போல்ட் வரிசையில் இருக்கும் யூஎஸ்பி-சி. ஹப் வழியாக இல்லை. ஹப்பில் கார்டு ரீடர், பென் டிரைவ், பிரிண்டர் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன. முதல் கேசிங்கை வடிவமைப்பாளர் டபுள் டேப்பில் ஐமேக்கின் முதுகில், ஸ்டாண்டு சேரும் இடத்துக்குப் பக்கத்தில், ஒட்டி வைத்திருந்தார். பார்க்க அழகு. ஆனால் ஐமேக் கீழிருந்து காற்றை இழுத்து அந்த இடத்து வழியாகத்தான் சூட்டை வெளியே தள்ளும். புதிய கேசிங்கை ஸ்டாண்டின் அடித்தட்டில் வெல்க்ரோவால் பிடிக்க வைத்தோம். ஸ்டாண்டில் வயர் போக ஒரு வட்ட ஓட்டை இருக்கிறது. கேபிளை அதன் வழியாக விட்டு ஒரு டை போட்டு இறுக்கியதும், கேபிளை யாராவது இழுத்தாலும் இழுப்பு போர்ட் வரை போகாது. எனர்ஜி செட்டிங்கில் டிஸ்க்கைத் தூங்க விடும் தேர்வையும் நீக்கினோம்.

அதற்குப் பின் நடந்தவை

ஹேங் நின்றது. சித்திரை முகூர்த்தங்கள் ஓடின.

சில வாரம் கழித்து வடிவமைப்பாளர் போன் செய்தார். "ணா, சிஸ்டம் திரும்பப் பழைய மாதிரி ஸ்லோ ஆயிடுச்சுணா." போய்ப் பார்த்தால் கேசிங் மேசைக்குக் கீழே இருந்தது. ஸ்டாண்டில் வைத்தால் தூசு துடைக்கச் சங்கடம் என்று கீழே இறக்கி, கேபிள் எட்டாததால் நீளமான போன் சார்ஜர் கேபிளை மாட்டியிருந்தார். முனை இரண்டும் யூஎஸ்பி-சிதான், சரியாகப் பொருந்தும். ஆனால் சார்ஜர் கேபிள்களில் பெரும்பாலானவை உள்ளே யூஎஸ்பி 2.0 கம்பிதான். சிஸ்டம் ரிப்போர்ட்டில் 480 எம்பிபிஎஸ் என்று காட்டியது. கையில் கிடைப்பது நொடிக்கு 40 எம்பி. பழைய கேபிளை மாட்டியதும் சரியானது. இப்போது அந்தக் கேபிளின் இரண்டு முனையிலும் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறது.

அடுத்தது கொஞ்சம் பெரிய சிக்கல். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்திய நாளில் மேசையை நகர்த்திச் சுத்தம் செய்திருக்கிறார்கள். வெல்க்ரோவைப் பிரித்து, கேபிளைக் கழற்றி, மறுபடி மாட்டியபோது முனை முழுதாக உள்ளே போகவில்லை. பட்டனைத் தட்டியதும் ஐமேக் வெளி டிரைவைக் காணாமல், உள்ளே விட்டு வைத்திருந்த பழைய சிஸ்டத்தில் பூட் ஆகிவிட்டது. அதே பெயர், அதே வால்பேப்பர், அதே போட்டோஷாப். வேகம் குறைவு என்று வடிவமைப்பாளருக்குத் தோன்றியிருக்கிறது. கரண்ட் போய் வந்ததால் இருக்கும் என்று விட்டுவிட்டார். ஒரு ரிசப்ஷன் ஆல்பத்தின் பெரும்பகுதியை முடித்து டெஸ்க்டாப்பில் சேமித்தார். மறுநாள் முனை சரியாகப் பொருந்தி எஸ்எஸ்டியிலிருந்து பூட் ஆனது. டெஸ்க்டாப்பில் அந்த ஆல்பம் இல்லை.

அழிந்துவிட்டது என்று நினைத்து ரெகவரி சாஃப்ட்வேர் இறக்கப் போயிருக்கிறார்கள். நல்லவேளையாக அதற்கு முன் கூப்பிட்டார்கள். ஃபைல் பத்திரமாக உள் டிஸ்க்கின் டெஸ்க்டாப்பில் இருந்தது. எடுத்துக் கொடுக்க ஐந்து நிமிடம். ஆனால் அதே பெயரில் இரண்டு இடத்திலும் திருத்திய வேறு சில ஃபைல்கள் இருந்தன. எது கடைசித் திருத்தம் என்று தேதி பார்த்துப் பிரிக்க ஒரு மாலை முழுக்கப் போனது. பெண் வீட்டார் கேட்ட திருத்தம் ஒன்றில், மாப்பிள்ளை வீட்டார் கேட்ட திருத்தம் இன்னொன்றில்.

அன்றே உள் டிஸ்க்கின் பழைய சிஸ்டத்துக்குச் சிவப்பு வால்பேப்பர் போட்டோம். வைகாசி முகூர்த்தம் முடிந்ததும் உள்ளே இருந்ததையெல்லாம் தனி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, உள் டிஸ்க்கை முழுதாக அழித்து, மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷினுக்குக் கொடுத்தோம். 5400 டிஸ்க் அந்த வேலைக்குப் போதும். இப்போது வெளி டிரைவ் சரியாக மாட்டவில்லை என்றால் கேள்விக்குறி போட்ட ஃபோல்டர் படம்தான் திரையில் மின்னும். தவறான சிஸ்டத்தில் வேலை பார்க்க வழியில்லை.

கத்திரியிலும் கேசிங் தாங்கியது. ஏசி ஓடாத மதியங்களில் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு, அவ்வளவுதான். சீசன் முடிந்து எஸ்எஸ்டியைக் கழற்றி எங்கள் டெஸ்க்டாப்பில் பார்த்தபோது 199ஆம் எண் கேசிங் மாற்றிய நாளில் இருந்த அதே இடத்தில் நின்றது.

இனி மாற்றிச் செய்வது

இதற்குப் பின் வந்த இதே போன்ற வேலைகளில் வரிசையை மாற்றிவிட்டேன். கேசிங்கை முதலில் தேர்ந்தெடுத்து, அதற்கு ஏற்ற எஸ்எஸ்டியை அப்புறம் வாங்கச் சொல்கிறேன். வாடிக்கையாளர் கேசிங் வாங்கி வந்திருந்தால், சிஸ்டம் நிறுவும் முன் ஓர் இரவு சும்மா மாட்டி வைத்து, காலையில் எழுகிறதா என்று பார்க்கிறேன். சத்துவாச்சாரியில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்துக்கு இதே மாதிரி செய்தபோது, ஏற்கனவே வாங்கி வைத்திருந்த கேசிங் அந்த ஓர் இரவிலேயே தோற்றது. திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினார்கள்.

பழைய சிஸ்டத்தை மாற்றாக வைத்திருக்கச் சொன்னால், முதல் நாளே பெயரையும் வால்பேப்பரையும் மாற்றிவிடுகிறேன். ஒரு வாரம் சரியாக ஓடியதும் அழிக்கலாம் என்று தேதியும் குறித்துக் கொடுக்கிறேன். கேபிளைக் கேசிங்கின் பாகமாகவே பார்க்கச் சொல்கிறேன். கேசிங்கோடு வந்ததைத் தவிர வேறு மாட்டக்கூடாது.

வெப்பம் குறைவான அறை, பெரிய வீடியோ வேலை, சிஸ்டம் இன்னும் சில வருடம் ஓடும் என்ற நிலை இருந்தால் தண்டர்போல்ட்டையே சொல்வேன். ஆல்பம் கடையின் முடிவு அந்தக் கடைக்கானது. டி2 சிப் உள்ள மேக்குகளில், உதாரணமாக 2020 மாடல் 27 அங்குல ஐமேக்கில், ஸ்டார்ட்டப் செக்யூரிட்டி யூட்டிலிட்டிக்குள் போய் வெளி டிரைவ் பூட்டுக்கு அனுமதி கொடுக்காமல் எதுவும் நடக்காது. அதைக் கேசிங் வாங்கும் முன்பே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

உரிமையாளர் அடுத்த தை மாதத்துக்குள் எம் வரிசை சிப் உள்ள மேக் மினி வாங்கத் திட்டமிட்டிருக்கிறார். அந்த வகையில் வெளி டிரைவில் சிஸ்டம் போட்டாலும் பூட்டின் தொடக்கம் உள் சேமிப்பிலிருந்தே நடக்கும். அதனால் சிஸ்டத்தை உள்ளேயே விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன். கேசிங்கும் எஸ்எஸ்டியும் நடந்துகொண்டிருக்கும் ஆல்பங்களை வைக்கும் டிரைவாக மாறும். அப்போது அதை மேசைக்குக் கீழே வைக்கலாமா என்று வடிவமைப்பாளர் கேட்டிருக்கிறார். நீளமான 10 ஜிபிபிஎஸ் கேபிள் ஒன்று வாங்கினால் வைக்கலாம்.